ஆகஸ்டில் மூடாத துளை

துளையை ஆகஸ்டில் மூட வேண்டாம் என்று சொன்னவள் பசிலியா.

அவளுடைய புல்வெளியின் மேற்கு ஓரத்தில், உப்புவெளி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, லித்தியம் தேடி வந்த கம்பெனி போட்ட துளை அது. கையகல இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்குத் தரையை விட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருநூறு மீட்டருக்கு மேல் ஆழம். அடியிலிருந்த உப்புநீரை எடுத்துப் பார்த்தார்கள். லித்தியம் இருக்கிறது, ஆனால் செலவுக்குக் கட்டாது என்றார்கள். துளை போடும் போர் வண்டியை வடக்கே இன்னொரு உப்புவெளிக்குக் கொண்டுபோக லாரிகள் வந்து நின்றன. போவதற்கு முன் துளையை அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் பால் விட்டு நிரப்பியாக வேண்டும். அந்த வேலை திமோத்தேயோவிடம் விடப்பட்டது. அவன் பசிலியாவின் கணவன். போர் வண்டியில் உதவியாள்.

ஆகஸ்ட் பிறந்திருந்தது. தோலார் ஊரில் ஆகஸ்ட் முழுக்க பூமி வாய் திறந்திருப்பாள். குழி தோண்டி, மெல்லுகிற கோக்கா இலையும் சோளக்கள்ளும் வெந்த கறியும் உள்ளே விடுவார்கள். மேலே கல்லை மட்டும் அடுக்கி வைப்பார்கள். மண் தள்ளி இறுக்குவது மாதம் கழிந்த பிறகுதான்.

இந்தத் துளைக்கு முதல் கவளம் ஊட்டியவளும் பசிலியாதான். போர் வண்டி வந்த வருடம் ஊர்க்கூட்டம் போட்ட நிபந்தனை அது. படையல் இடாமல் மண்ணைத் தொடக் கூடாது. எஞ்சினியர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டார்கள். போர் மேஸ்திரி கப்ரால் சிகரெட்டைப் பற்றவைத்துக் குழியின் விளிம்பில் நட்டுவைத்தான். அந்தக் குழியிலேயேதான் பிறகு இரும்பு இறங்கியது. அடுத்த ஆகஸ்டிலும் ஊர் அங்கேதான் படைத்தது. இந்த ஆகஸ்டிலும் முதல் நாளே படைத்தாகிவிட்டது.

தேவாலயத்துக்குப் பின்னால் முன்பு ஒரு குழி இருந்தது. ரோடு போட வந்த வண்டி ஓர் ஆகஸ்டில் அதை மண்ணோடு மண்ணாகச் சமன் செய்துவிட்டுப் போனது. அடுத்து வந்த கோடையில் பிறந்த லாமாக் குட்டிகளில் பாதி எழுந்து நிற்கவில்லை. அதற்கும் இதற்கும் பசிலியா முடிச்சுப் போட்டாள். ஊரே போட்டது.

“செப்டம்பர் வரைக்கும் பொறு,” என்றாள். “வாயில சோத்த வெச்சுட்டு சிமென்ட்ட அடைப்பியா?”

“மத்தியானத்துக்குள்ள குழாயெல்லாம் ஏத்தணும்ங்கறான் கப்ரால். பம்பும் போயிடும், கிழவி. அப்புறம் எதால ஊத்துறது?”

“கை இருக்குல்ல.”

திமோத்தேயோ துளையைத் திரும்பிப் பார்த்தான். அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தான். குழியில் கள்ளை ஊற்றிய கைதான் அவனுடையதும். குழாய்களையும் பம்பையும் லாரியில் ஏற்றினான். சிமென்ட் மூட்டைகளை லாமாப் பட்டியின் சுவரோரம் அடுக்கி பிளாஸ்டிக் தாளால் மூடினான். முடிந்தது என்று கப்ராலிடம் சொன்னான். கப்ரால் வண்டியை விட்டு இறங்கவில்லை. உங்கள் பூமியம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாளா என்று கேட்டுச் சிரித்தான். லாரிகள் அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

அந்த மாதம் முழுக்கக் குழாயின் வாயிலிருந்து உப்புநீர் மெல்லக் கசிந்தது. சரிவில் இறங்கி உப்புவெளியில் கலந்தது. போன வழியில் வெள்ளையாக ஒரு கோடு படிந்தது. அந்தப் பக்கம் லாமாக்கள் போவதில்லை. உப்பில் போய்ச் சேருகிற உப்பு யாரை என்ன செய்யும் என்று பசிலியா அதைப் பார்த்துக்கொண்டு போனாள், வந்தாள்.

செப்டம்பரில் திமோத்தேயோ விடுப்பில் வந்தபோது இருவருமாகத் துளையை அடைத்தார்கள். தகரத்தில் சிமென்ட்டைக் குழைத்தார்கள். அடி வெட்டிய எண்ணெய் டின்னைப் புனலாக வைத்து ஊற்றினார்கள். காற்று தூளை அள்ளி முகத்தில் அடித்தது. இருவரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல இருந்தார்கள். எல்லா மூட்டையும் போதாது, இன்னும் வாங்க வேண்டியிருக்கும் என்று திமோத்தேயோ நினைத்திருந்தான். மூட்டைகளில் பாதி தீர்வதற்குள்ளேயே குழாய் விளிம்பு வரை நிரம்பி நின்றது.

அவன் குனிந்து பார்த்தான். “அவ்வளவுதானா?”

“வயிறு நெறஞ்சிருக்கு. இன்னும் எவ்வளவு எறங்கும்?” என்றாள் பசிலியா.

அவன் சிரித்தான். மீந்த சிமென்ட்டில் வீட்டுச் சமையலறைக்குத் தரை போட்டார்கள். அதுவரை மண்தரை. பசிலியா அன்று செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தாள்.

குழாயிலிருந்து கசிவு நின்றது. வெள்ளைக் கோடு காய்ந்து, காற்றில் பறந்து, இல்லாமல் போனது. திமோத்தேயோ வடக்கே வேலைக்குத் திரும்பினான்.

முதலில் கண்டுகொண்டவை லாமாக்கள். மந்தைக்கு முன்னால் நடக்கும் செவலைப் பெட்டை புல்வெளியின் நன்னீர் ஊற்றில் உதட்டை வைத்தது, எடுத்தது, அப்படியே நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன. பசிலியா கையில் அள்ளிக் குடித்தாள். லேசாகக் கரித்தது. தன் உதட்டு வியர்வை என்று நினைத்தாள். வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தாள்.

அடுத்த வாரம் தேநீர் கரித்தது. அதற்கடுத்து ஊற்றின் ஓரத்துப் புல் மஞ்சளித்து, அடியில் வெள்ளை பூத்தது. பெரிய கால்வாய்க்கு அப்பால் மேய்த்த, திமோத்தேயோவின் அக்கா சந்தோசாவின் மந்தையும் குடிக்காமல் நின்றது. அதே ஊற்றுநீரைத்தான் கீழே நான்கு குடும்பங்கள் வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோயிருந்தன. அவித்த சோளத்துக்கு உப்பே போட வேண்டாம், கம்பெனி போட்டுவிட்டது என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதும் நின்றது. நிறைசினையாக இருந்த பெட்டைகள் இரண்டு குறைமாதத்தில் குட்டியைப் போட்டன.

கம்பெனியிலிருந்து ரோமினா என்ற எஞ்சினியர் வந்தாள். சின்னப் பெண். பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஊர்த்தலைவர் பந்தலியோன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவளைப் பேசச் சொன்னார்.

மழை குறைந்துவிட்டது, ஊற்று வற்றும்போது உப்பு ஏறுவது இயற்கை என்று ரோமினா தொடங்கினாள். கூட்டம் முணுமுணுத்தது. போட்ட துளைகளால்தான் இது வந்தது என்று ஒருவர் எழுந்து சொன்னார். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பி, அதன் முதுகில் படம் போட்டுக் காட்டினாள். மேலே நல்ல தண்ணீர். நடுவில் களிமண் படலம். அடியில் அழுத்தத்தோடு உப்புநீர். மூன்றையும் கடந்து போகும் ஒரு கோடு, அதுதான் துளை.

“அதனாலதான் ஒவ்வொரு துளையையும் அடியிலேர்ந்து மேல வரைக்கும் அடைச்சுட்டுப் போயிருக்கோம்,” என்றாள். “மேல மட்டும் அடைச்சிருந்தா அது வேற கதை. கீழேர்ந்து ஏறி வர்ற உப்புத்தண்ணிக்கு வெளிய போக வழியிருக்காது. பக்கவாட்டுல உங்க ஊத்துக்குள்ள பூந்துடும். நாங்க அப்படிச் செய்யல.”

“அப்ப எங்க லாமாதான் ராத்திரியில உப்பள்ளிப் போடுதா, எஞ்சினியரம்மா?” என்றாள் சந்தோசா.

கூடம் சிரித்தது. பசிலியா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி மூட்டைகளிலேயே நிரம்பிய குழாய் நினைவுக்கு வந்தது. சிமென்ட் எங்கோ மேலேயே சிக்கி நின்றிருக்கிறது. அதற்குக் கீழே துளை திறந்தே இருக்கிறது. ஆகஸ்டில் உப்புவெளிக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைத் நானும் அவனுமாகப் பிடித்து ஊற்றுக்குள் திருப்பி விட்டிருக்கிறோம். இதை அவளுக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பந்தலியோன் வாக்கெடுப்பு என்றார். இனி எந்தப் போர் வண்டியும் தோலார் மண்ணில் கால் வைக்கக் கூடாது. சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். இரண்டு பக்கமும் கைகள் உயர்ந்தன. பசிலியாவின் கையும் உயர்ந்தது. அதை அவள் இறக்கும்போதுதான் பார்த்தாள்.

திமோத்தேயோ அடுத்த விடுப்பில் வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். போர் வேலையில் அவனும் கொஞ்சம் கேள்விப்பட்டிருந்தான். அடியிலிருந்து நிரப்புவது சும்மா ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தான். கப்ராலும் அப்படித்தான் பேசுவான்.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டாள். போர் வண்டி திரும்ப வர வேண்டும், அடைப்பை உடைத்துக்கொண்டு அடிவரை இறங்க வேண்டும், அங்கிருந்து நிரப்பிக்கொண்டே ஏற வேண்டும் என்றான். வேறு வழி? இல்லை.

“அப்ப சொல்லிடுவோம்,” என்றாள்.

“யார்கிட்ட? கம்பெனிகிட்ட சொன்னா வேலை போச்சு. ஊர்கிட்ட சொன்னா ஊரே போச்சு. தண்ணி அதுவா சரியாகும். மழை வரட்டும்.”

மழை வந்தது. நான்கு நாள் பெய்தது. ஊற்று பொங்கி ஓடியது, இனித்தது. பசிலியா வாளி வாளியாக மொண்டு வைத்தாள். திமோத்தேயோ நான்தான் சொன்னேனே என்பது போலப் பார்த்தான். வெயில் திரும்பியது. ஊற்று முன்னைவிட அதிகமாகக் கரித்தது. புல்வெளியில் அங்கங்கே உறைபனி போல வெள்ளை படர்ந்தது. நடந்தால் காலடியில் நொறுங்கியது.

அந்த வாரம் செவலைப் பெட்டை குட்டி ஈன்றது. குட்டி உயிரோடுதான் வந்தது. மடியில் பால் இல்லை. பசிலியா ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வாயில் வைத்தாள். இரண்டாம் நாள் அது துணியைச் சப்புவதை நிறுத்தியது. அதைப் புதைத்துவிட்டு, கை கழுவாமல் பந்தலியோன் வீட்டுக்குப் போனாள்.

அவர் கேட்டுக்கொண்டார். கோக்கா இலையை நீட்டினார், அவள் எடுத்துக்கொண்டாள். இதை நான் மட்டும் கேட்டால் போதாது, கூட்டத்தில் சொல் என்றார். தண்ணீர்ச் சோதனையின் முடிவோடு ரோமினா வரும் நாளில் கூட்டம் வைத்தார். திமோத்தேயோவும் அன்று ஊரில் இருந்தான்.

பசிலியா எழுந்தாள். ஆகஸ்டைச் சொன்னாள். மூட்டைகளைச் சொன்னாள். செப்டம்பரில் கையால் ஊற்றியதைச் சொன்னாள். போர் வண்டியைத் திரும்ப உள்ளே விடுங்கள், அந்த ஒரு துளைக்கு மட்டும் விடுங்கள், அது வந்து அடைத்தால்தான் ஊற்று பிழைக்கும் என்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

ரோமினா மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். அந்தத் துளை முழுமையாக அடைக்கப்பட்டதாகத்தான் தங்களிடம் இருக்கிறது என்றாள். அடைத்தவர் திமோத்தேயோ.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் கதவோரம் நின்றிருந்தான்.

“அடைச்சியா, அடைக்கலையா?” என்று பந்தலியோன் கேட்டார்.

அவன் பசிலியாவைப் பார்த்தான். பிறகு ரோமினாவைப் பார்த்தான்.

“அடைச்சேன்,” என்றான். “பம்பு வெச்சு. கீழேர்ந்து.”

பசிலியா நின்றுகொண்டே இருந்தாள். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை.

சந்தோசா எழுந்தாள். தம்பி பெண்டாட்டியிடம் அவளுக்குப் பகை கிடையாது. போன வருடம்வரை ஒன்றாக உட்கார்ந்து குட்டிகளின் காதில் அடையாள நூல் கட்டியவர்கள்.

“ஏன் பசிலியா, உன் அடுப்படித் தரை ரொம்ப அழகா இருக்கே. அதுக்கு சிமென்ட் யார் குடுத்தது?”

“அதான் சொன்னேனே அண்ணி. அந்த மூட்டைதான்.”

“எந்த மூட்டை? அவன் எல்லாத்தையும் துளைக்குள்ள விட்டேங்கறான். நீ வீட்டுல போட்டேங்கற. கம்பெனி உனக்குத் தரை போட்டுக் குடுத்துச்சு. நீ கம்பெனிக்குக் கதவைத் திறந்துவிடப் பாக்கற. நாங்க என்ன, லாமாவா?”

இந்த முறை கூடம் சிரிக்கவில்லை. ஒரு துளை என்று உள்ளே வருவார்கள், பத்து போடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், பூமித்தாயின் பெயரைச் சொல்லி இப்படியுமா என்றார். அது பசிலியாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. பந்தலியோன் மேசையைத் தட்டினார். எடுத்த முடிவு எடுத்ததுதான் என்றார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே ரோமினா பாட்டில் பெட்டியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பசிலியா பக்கத்தில் போய் நின்றாள்.

“நீங்க சொன்னது நெசந்தானே?” என்று ரோமினா தணிந்த குரலில் கேட்டாள்.

“நெசம்.”

“எனக்கும் அப்படித்தான் படுது. தண்ணியில இருக்கறது அடிமட்டத்து உப்பு.” அவள் பெட்டியின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். “ஆனா துளை அடைக்கலன்னு நான் சொல்ல ஒரு ஆள் வேணும். உங்க வீட்டுக்காரர் அடைச்சேங்கறார். அப்படியே கம்பெனி ஒத்துக்கிட்டாலும் வண்டி உள்ள வர ஊர் சம்மதிக்கணும். ஊர் சம்மதிக்காது.”

“அப்ப?”

ரோமினா வண்டியில் ஏறினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு நடந்தபோது திமோத்தேயோ பின்னால் வந்தான். கூட நடக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று பாதிவழிவரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு துளைக்குப் போனான். எல்லோரும் பார்க்கும்படி பட்டப்பகலில் போனான். பசிலியாவும் போனாள். குழாயைச் சுற்றி அடுக்கியிருந்த படையல் கற்களை அகற்றினார்கள். அடைப்பை உடைத்துவிட்டால் உப்புநீர் பழையபடி வெளியே வந்து சரிவில் ஓடிவிடும், ஊற்றை விட்டுவிடும் என்பது அவன் கணக்கு. அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள்.

குழாய்க்குள் கடப்பாரையை ஓங்க இடமில்லை. தூக்கித் தூக்கிப் போட்டான். நாள் முழுக்கப் போட்டு, சாயங்காலம் ஒரு சாண் இறங்கியிருந்தது. உடைந்த தூளைக் கம்பியில் கட்டிய கரண்டியால் பசிலியா அள்ளினாள். அடுத்த நாள் கடப்பாரையைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அதற்கடுத்த நாளும். அவன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கயிறு சிவந்தது. அந்த உயரத்து மெல்லிய காற்றில் இரண்டு தடவை தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. அவன் நிறுத்தும்போது அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவள் நிறுத்தும்போது அவன் வாங்கிக்கொண்டான். சந்தோசா தன் மந்தையோடு அந்தப் பக்கமாகப் போனாள். கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். கம்பெனிக்கு இன்னும் வேலை செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் கயிறு அறுந்தது. கடப்பாரை குழாய்க்குள் சாய்ந்து, சிமென்ட்டில் முட்டி, இறுகி நின்றது. கைக்கு எட்டவில்லை. திமோத்தேயோ மண்டியிட்டு, குழாய் விளிம்பில் சாய்ந்து தோள்வரை கையை விட்டான். கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

“வேற கம்பி கொண்டாரேன்,” என்றான்.

“எதுக்கு?”

கையில் ஒட்டிய சிமென்ட் தூளைக் கால்சட்டையில் துடைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

“அன்னிக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா மட்டும்...” என்று தொடங்கினான்.

“தெரியாது,” என்றாள் பசிலியா. “நீ சொல்லல.”

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டி வந்தது. அவன் மூட்டையோடு ஏறினான். வடக்கே புது உப்புவெளியில் முதல் துளை தொடங்கியிருக்கிறது என்று வண்டிக்காரன் சொன்னான்.

பசிலியா மந்தையை மேட்டுக்கு அப்பால் ஓட்டினாள். பாறை இடுக்கில் ஒரு சின்னக் கசிவு இருந்தது. அத்தனை வாய்க்கும் அது போதாது. இருந்தாலும் உப்பில்லை. அங்கே விட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் வீடு வருவதற்குள் அவை வேறு வழியாக இறங்கி ஊற்றின் பக்கம் வந்துகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து குடித்த இடம். செவலைப் பெட்டை முன்னால் வந்தது. சினையாக இருந்தவை பின்னால் வந்தன. தாகத்தில் இப்போது கரிப்பையும் குடிக்கத் தொடங்கியிருந்தன.

அவள் ஊற்றுக்கு முன்னால் போய் நின்று கையை விரித்துக் கத்தினாள். அவை அவளை அறிந்தவை. தண்ணீர் காட்டவே அவள் நிற்கிறாள் என்று நெருங்கின. பசிலியா இடுப்பிலிருந்த கவணை அவிழ்த்தாள். கல் வைத்துச் சுழற்றி முதல் கல்லைக் காலடியில் விட்டாள். மந்தை நின்றது. பிறகு மறுபடியும் வந்தது.

அடுத்த கல்லைச் செவலைப் பெட்டையின் விலாவைப் பார்த்து விட்டாள். அது வலியில் ஒரு சத்தம் போட்டது. திரும்பி ஓடவில்லை. சற்றுத் தள்ளிப் போய் நின்று, தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் குனிந்து இன்னொரு கல்லைத் தேடினாள்.